சேராத கோல்காப்பாளர்

உதைபந்தாட்டத்தைப் பற்றி அப்போது எனக்கு மூன்று விடயங்கள்தான் தெரியும். பந்தைக் கையால் தொடக்கூடாது. கோல்காப்பாளர் மட்டும் தொடலாம். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் நடுவரோடு சண்டை பிடிப்பார்கள். மூன்றாவதை ஸ்காபரோவில் கோடைகாலத்தில் நடக்கும் ஊர்க் கழகப் போட்டிகளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். துருக்கியைப் பற்றி அந்த அளவுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட நான், துருக்கியின் உட்பகுதியில் ஒரு சீனித் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த சிறு நகரத்தின் கழகத்துக்கு வரலாறு எழுதப் போனதற்குக் காரணம் எங்கள் கட்டடத்தின் சலவை அறை.

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அம்மாவும் நானும் இருந்த மாடியில், எதிர்க் கதவில் ஒரு துருக்கித் தம்பதி இருந்தார்கள். கணவர் ஓர் உடுப்புக் கழுவும் கடையில் இஸ்திரி போட்டார். பேச்சுக் குறைவு. மனைவி அப்படியில்லை. உடுப்புக் காயும் வரைக்கும் சலவை அறையில் யார் நின்றாலும் கதைப்பார். நான் அவர்களை அங்கிள், அன்ரி என்று கூப்பிட்டேன். அவர்கள் என்னை மகள் என்றார்கள். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு பக்கமும் உடைந்த ஆங்கிலம். ஆனால் என் காதில் அது எப்போதும் எங்கள் வீட்டுத் தமிழாகவே விழுந்தது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"மகள், நீ கம்பியூட்டர்தானே?" என்று ஒருநாள் அன்ரி கேட்டார்.

கம்பியூட்டர் படித்து முடித்திருந்தேன். மார்க்கம் நகரில் ஒரு நிறுவனத்தில், கார் உதிரிப்பாகம் விற்கும் மொத்த வியாபாரிகளுக்குத் தரவுத்தளம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் ஓம், கம்பியூட்டர்தான் என்றேன்.

அவர்களுடைய ஊர்க் கழகம் ஏதோ ஓர் ஆண்டு நிறைவைக் கொண்டாடப் போகிறதாம். கழகத்துக்கு இணையப் பக்கம் இல்லை. ரொறொன்ரோவில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து அதைச் செய்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பெருமையாகச் சொன்ன பிறகுதான், அதை யார் செய்வது என்ற கேள்வி வந்திருக்கிறது. எனக்கு இதில் சிரமம் இருப்பதாகத் தோன்றவில்லை. கழகத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, நிறம், மைதானம், எந்த வருடம் எந்தப் பிரிவில் ஆடியது. இவ்வளவும் கிடைத்தால் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று அன்ரிக்குச் சொன்னேன்.

விபரம் எல்லாம், ஊர்க்காரர்கள் கழகத்தின் ஆட்டத்தைக் கேட்கக் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிடைக்கும் என்றார். துருக்கியில் மத்தியானம் ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடியும். ஞாயிறுகளில் சப்வே ஒன்பது மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். ஆகவே அங்கிளும் நானும் புளோர் வீதியால் நடந்து, பள்ளத்தாக்கின் மேலுள்ள நீண்ட பாலத்தைக் கடந்து டான்ஃபோர்த் வீதிக்குப் போனோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பாலம் முடியும் வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பாலம் முடிந்ததும், "குளிர்" என்றார்.

கூட்டம் நடந்த இடம் ஒரு தையற்கடைக்கு மேலிருந்த அறை. கடைக்காரர்தான் இங்குள்ள ஊர்ச் சங்கத்தின் தலைவர். உயரமான மனிதர், அங்கிளைவிடச் சில வயது இளையவர், நல்ல ஆங்கிலம். ஊரில் சீனித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவராம். மேசையின் நடுவில் ஒரு பெரிய பேக்கரித் தட்டு இருந்தது. தட்டுக்குள் ஸ்பீக்கர் ஃபோன். தட்டில் வைத்தால் சத்தம் கூடுமாம். மறுமுனையில், ஊரில் இருக்கும் தலைவரின் மருமகன் தன் ரெலிபோனை வானொலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காவல் இருப்பான். நகர வானொலியின் நேர்முக வர்ணனை அப்படியே கடல் கடந்து தட்டில் வந்து விழும்.

முதல்நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொழி விளங்கவில்லை, ஆட்டம் விளங்கவில்லை, ஆட்கள் எப்போது சந்தோஷப்படுகிறார்கள், எப்போது கோபப்படுகிறார்கள் என்பதும் விளங்கவில்லை. இரண்டுக்கும் மேசையில் தட்டினார்கள். இடையில் ஒரு கோல் விழுந்தது. அதே நேரம் பார்த்து, மருமகனின் தாய் குசினியில் ஏதோ அரைக்கத் தொடங்கிவிட்டார். கோலை யார் அடித்தது என்று தெரியாமல் அறை இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒருவர் தட்டைப் பார்த்து அந்த அம்மாவிடம் கெஞ்சினார். அரைவை நிற்கவில்லை. எனக்கு அந்த அறையில் முதன்முதலாக விளங்கிய விடயம் அதுதான்.

இடைவேளையில் விபரம் எடுத்தேன். கழகத்தின் பெயரும் மைதானமும் உடனே கிடைத்தன. தொடங்கிய ஆண்டு என்று கேட்டதும் மூன்று பதில்கள் வந்தன. நான் மூன்றையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

தலைவர்தான் பிறகு பொறுமையாக விளக்கினார். முந்திய காலத்தில் நகரத்தில் பல சிறு கழகங்கள் இருந்தன. சீனித் தொழிற்சாலைக்கு ஒன்று, கடைத்தெரு வியாபாரிகளுக்கு ஒன்று, இரயில்வேக்காரருக்கு ஒன்று. பிறகு நாட்டில் இரண்டாம் பிரிவு என்று புதிதாக ஒரு தொழில்முறைப் போட்டி வந்தது. நகரத்துக்கு ஒரு கழகம்தான் அதில் சேரலாம். அதுவும் குறைந்தது மூன்று கழகங்கள் ஒன்றாகி விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கழகம். இதுபோலத் துருக்கியில் எத்தனையோ ஊர்களில் நடந்ததாம். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒருமுறை மேல்பிரிவுக்குப் போனார்கள், அடுத்த வருடமே இறங்கினார்கள், கிண்ணம் ஒன்றும் வெல்லவில்லை.

உதிரிப்பாகத் தரவுத்தளத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பாகத்தின் உற்பத்தி நின்று, அதற்குப் பதிலாக வேறு பாகம் வந்தால், புதிய இலக்கத்துக்கு எதிரே பழைய இலக்கத்தைப் பதிவோம். பழையது ஒன்று, புதியது ஒன்று. நான் கழகத்தையும் அப்படியே அமைத்திருந்தேன். முன்னைய கழகம் என்று ஒரே ஓர் இடம். இப்போது அந்த ஓர் இடத்தில் மூன்று பெயர்களை வைக்க வேண்டும். இது பெரிய சிக்கலில்லை, அட்டவணையைப் பிரித்துத் திருத்தினால் போதும். திருத்தினேன். சிக்கல் அங்கே இருக்கவில்லை.

அடுத்த கிழமை சலவை அறையில் அன்ரி எனக்கு வேறொரு விடயம் சொன்னார். அதைச் சொல்வதற்காகவே காய்ந்த உடுப்பை மீண்டும் மீண்டும் மடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஆண்டு நிறைவு ஆட்டத்துக்கு முன்பு, பழைய ஆட்டக்காரரைக் கழகம் மைதானத்துக்குள் அழைத்து மரியாதை செய்யப் போகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அழைப்பு உண்டு. ரொறொன்ரோவில் அப்படி இருக்கக்கூடியவர் ஒரே ஒருவர். அங்கிள் இரயில்வேக் கழகத்தின் கோல்காப்பாளர். கழகங்கள் ஒன்றாவதற்கு முந்திய கடைசிப் பருவத்தில் கோலில் நின்றவர். ஊரை விட்ட பிறகு அவர் ஒருமுறையும் திரும்பிப் போகவில்லை.

"அவர் போகோணும், மகள். நான் சூட்கேசைக் கழுவி பல்கனியில வெயில்ல வைச்சிருக்கிறன்" என்றார். "இரயில்வேக் கழகமும் சேர்ந்துதான் இந்தக் கழகம் வந்தது எண்டு நீ எழுதினாக் காணும். அவர் பழைய ஆட்டக்காரர் ஆயிடுவார்."

அதுதானே உண்மை, அப்படித்தானே எழுதப் போகிறேன் என்றேன். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்காக அவ்வளவு கெட்டியாகப் பிடித்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, எழுதியதை அச்செடுத்துக்கொண்டு போனேன். ஆட்டம் முடிந்து தேநீர் வந்ததும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். தலைவர் அவர்களுடைய மொழியில் மாற்றிச் சொன்னார். "சீனித் தொழிற்சாலை, கடைத்தெரு, இரயில்வே ஆகிய மூன்று கழகங்களும் இணைந்து" என்ற இடத்தில் அங்கிள் கிளாசைக் கீழே வைத்தார்.

"இரண்டு" என்றார்.

தலைவர், மூன்று என்றார். அங்கிள் மறுபடியும், இரண்டு என்றார். நான் என் தாளைப் பார்த்தேன். யார் எந்தப் பக்கம் என்பதை மாறி விளங்கிக்கொண்டேனோ என்று நினைத்தேன். தலைவர் சீனித் தொழிற்சாலைக்காரர். அங்கிள் இரயில்வேக்காரர். இரயில்வேக் கழகம் சேர்ந்தது என்று வாதாடியவர் சீனித் தொழிற்சாலைக்காரர். சேரவில்லை என்று நின்றவர், சேர்ந்தது என்றால் ஊருக்குப் போகக்கூடிய இரயில்வேக்காரர்.

"அப்ப எங்கட உடுப்பில அந்தக் கறுப்பு எங்கயிருந்து வந்தது, அண்ணை?" என்று தலைவர் கேட்டார். பச்சை தொழிற்சாலையின் நிறம். வெள்ளை கடைத்தெருவின் நிறம். காற்சட்டை கறுப்பு. கறுப்பு இரயில்வேக்காரரின் நிறம்.

"கடைத்தெருக்காரரிட்ட கறுப்புத் துணி விக்காமக் கிடந்தது" என்றார் அங்கிள்.

அறை சிரித்தது. தலைவரும் சிரித்தார். அவர் தையற்காரர், அது நடக்கக்கூடியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இணையப் பக்கத்தின் வேலை நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கோடு கிழித்து, யார் என்ன சொல்கிறார், அதனால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று இரண்டு நிரலாக எழுதினேன். இரண்டு நிரலும் ஒன்றுக்கொன்று எதிராகவே நின்றன. அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்தார்.

"உவையின்ர பந்துக்கு நீ ஏன் பிள்ளை மண்டையைப் போட்டு உடைக்கிறாய்?"

நான் சொன்னேன். அம்மாவுக்கு வேறொன்றும் விசித்திரமாகப் படவில்லை. மூன்று கழகங்கள் ஒன்றானது என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. அப்பாவின் ஊர்க் கழகம் இங்கே இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒரே ஞாயிறில், ஒரே பூங்காவில் ஒன்றுகூடல் வைத்திருந்தன. அம்மாவின் ஊர்க் கழகமும் பிரிந்துதான் இருந்தது. எங்கள் வழக்கப்படி சீதன வீடு அம்மாவின் ஊரில். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். ஆனால் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அப்பாவின் ஊரையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும். ஆக, நான் போகவேண்டிய ஒன்றுகூடல்கள் நான்கு. இப்படிப்பட்ட ஆட்களிடமிருந்து வந்த நான், ஒரு கழகம் எங்கே தொடங்கியது என்று ஒற்றை வரியில் எழுதப் பார்க்கிறேன்.

"எங்கட ஆக்கள் பிரிஞ்சுதான் பழக்கம்" என்றார் அம்மா. "சேர்ந்தா என்ன சண்டை வருமெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தலைவரை ஒரு மாலை கடையில் போய்ப் பார்த்தேன். ஒரு காற்சட்டையின் கீழ்விளிம்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். வாயில் ஊசிகள் இருந்ததால் பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அங்கிள் சொல்வது பொய்யா என்று கேட்டேன்.

"இல்லை, மகள். அண்ணை சொல்றது சரி. அதாலதான் எழுதேலாது."

மூன்று கழகங்கள் வேண்டும் என்பது விதி. இரண்டுதான் சேர்ந்தன என்று நாங்களே உலகத்துக்கு எழுதிவிட்டால், கழகத்தின் பதிவே பிழை என்றாகிவிடும். மேல்பிரிவுக்குப் போனது பிழை, இறங்கியது பிழை, ஞாயிறு ஞாயிறாகத் தட்டைச் சுற்றி இருந்ததெல்லாம் பிழை. அவர் இதை மிகவும் கவலையோடு சொன்னார். பிறகு, அங்கிளைத் தனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும் என்றார். இவர் பொடியனாகத் தொழிற்சாலைப் பக்கத்து ஆட்களோடு கோலுக்குப் பின்னால் நின்று, சீனி எடுக்கும் அந்த வெள்ளைக் கிழங்குகளால் அங்கிளுக்கு எறிவாராம். அங்கிள் திரும்பிப் பார்க்க மாட்டாராம். ஆட்டம் முடிந்ததும் கிழங்குகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொடுப்பாராம்.

"அவரை ஊருக்கு அனுப்போணும்" என்றார் தலைவர். "அவருக்காகவும்தான் நான் மூண்டு எண்டு நிக்கிறன். அவர் அதுக்கு விடுறாரில்லை."

அடுத்த ஞாயிறு பாலத்தில் நானே அங்கிளிடம் கேட்டேன். அவர் நடையைக் குறைத்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

இரயில்வேக்காரர், இரயில் பெட்டி திருத்தும் கொட்டகையில் கூடினார்களாம். சேருவதா இல்லையா என்று கை உயர்த்தினார்கள். வேண்டாம் என்று முடிவானது. அவரும் வேண்டாம் என்றுதான் கை உயர்த்தினார். ஆனால் கழகத்தின் தலைவராக இருந்த ஸ்ரேசன் மாஸ்டர் அடுத்தநாள் போய், சேருகிறோம் என்று கையெழுத்து வைத்துவிட்டார். நகரமே எதிர்பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. ஆட்டக்காரர் யாரும் போகவில்லை. பிறகு புதிய கழகத்துக்காரர் இனிப்புத் தட்டோடு அங்கிளின் வீட்டுக்கே வந்து கோலுக்கு அழைத்தார்கள். அவர் தேநீர் கொடுத்தார். இனிப்பையும் சாப்பிட்டார். வரமாட்டேன் என்றார். ஸ்ரேசன் மாஸ்டரோடு அவர் அதன் பிறகு பேசவேயில்லை. அடுத்த வருடமே ஊரை விட்டுவிட்டார்.

"ஏன் அங்கிள் வேண்டாம் எண்டு கை தூக்கினனீங்கள்?"

பெரிய காரணம் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அதுக்கு முதல் கிழமைதான் தொழிற்சாலைக்காரரை வெண்டனாங்கள்" என்றார். "வெண்டவன் போய்த் தோத்தவனோட சேருறதோ?"

கீழே பள்ளத்தாக்கு வீதியில் ஒரு கார் போனது. எனக்கு அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சேராத கழகத்தின் ஆட்டத்தைக் கேட்பதற்காக ஏன் ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் குளிரில் நடக்கிறார்?

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஊரில வேற கழகம் இல்லையே, மகள்."

அந்தப் பதிலை என்னால் எந்த நிரலிலும் வைக்க முடியவில்லை. அவர் சொன்ன எல்லாம் தனித்தனியாக விளங்கியது. சேர்த்துப் பார்த்தால் விளங்கவில்லை. பழைய ஆட்டக்காரர் என்று போய் மைதானத்தில் நின்றால், அன்று கொட்டகையில் உயர்த்திய கையை அவரே இறக்கியதாகிவிடும். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்ரியின் சூட்கேசும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் பல்கனியில் நின்று எட்டினால், மூலைக்கு அப்பால் அதன் விளிம்பைக் காணலாம்.

பிறகு நான் எழுதிய வாசகங்கள் பல. மூன்று கழகங்களின் ஆதரவோடு என்றேன். ஆதரவு கொடுக்கவில்லை என்றார் அங்கிள். இரண்டு கழகங்களும் இரயில்வே நண்பர்களும் என்றேன். நண்பர் என்று பதிவில் இல்லை என்றார் தலைவர். நகரத்தின் கழகங்கள் ஒன்றிணைந்து என்று இலக்கமே இல்லாமல் எழுதினேன். அதை இருவரும் ஒரே குரலில் நிராகரித்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது. இலக்கம் இல்லாமல் என்ன வரலாறு என்று கேட்டார்கள். உதிரிப்பாக வேலையில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் வாசகத்தை அங்கிளே தந்தார். ஒரு மாலை எங்கள் கதவைத் தட்டி, அன்ரி கொடுத்துவிட்ட பலகாரத் தட்டை நீட்டினார். நான் தட்டை வாங்கிய பிறகும் போகவில்லை.

"எழுது" என்றார். "இரயில்வேக் கழகத்தின்ர பேர் சேர்ந்தது. ஆட்டக்காரர் சேரேல்லை."

தலைவர் இதை ஒரு கிழமை வைத்து யோசித்தார். பதிவில் மூன்று பெயர் இருக்கிறது, வாசகத்திலும் மூன்று பெயர் இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. ஓம் என்றார். ஆனால் அந்த வாசகத்தோடு அங்கிள் இந்தக் கழகத்தின் பழைய ஆட்டக்காரர் இல்லை என்பதும் முடிவாகிவிட்டது. எப்படியும் பெயரைக் கழகத்துக்குக் கொடுக்கலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தலைவர் கேட்டாராம். வேண்டாம் என்று அங்கிள் சொல்லிவிட்டார்.

பக்கம் இணையத்தில் ஏறியது. துருக்கி எழுத்துகளில் சில, சில கணினிகளில் கேள்விக்குறியாகத் தெரிந்தன. அதை மட்டும்தான் என்னால் திருத்த முடிந்தது. அன்ரி சூட்கேசைப் பல்கனியிலிருந்து உள்ளே எடுத்து, அதில் குளிர்கால ஜக்கெட்டுகளை அடுக்கி வைத்தார். சலவை அறையில் என்னோடு வழக்கம்போலக் கதைத்தார். அங்கிளோடு கதைப்பதில்லை என்று தெரிந்தது. அவருக்குரிய தேநீர் நேரத்துக்குப் போகும், சொல் மட்டும் போகாது.

ஆண்டு நிறைவு ஆட்டத்தன்று அன்ரியும் எங்களோடு வந்தார். பாலத்தில் அங்கிள் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். அறையில் வழக்கத்தைவிட அதிகம் பேர் இருந்தார்கள். சிலர் பச்சை வெள்ளைக் கழுத்துச் சால்வை போட்டிருந்தார்கள். தலைவர் தட்டைத் துடைத்து மேசை நடுவில் வைத்தார். மருமகனின் குரல் வந்தது, பிறகு வானொலி, பிறகு மைதானத்தின் ஒலிபெருக்கி.

தலைவர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து மெல்லிய குரலில் விளக்கினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அறிவிப்பாளர் ஆட்டக்காரரின் முதற்பெயரை மட்டும்தான் சொல்வார். குடும்பப் பெயரைக் கூட்டம் கத்திச் சொல்ல வேண்டும். இன்றைய ஆட்டக்காரர் என்றால் மைதானமே அதிரும். பழைய ஆட்டக்காரருக்கு அப்படியில்லை. பெயர் வரும், ஒரு சின்ன இடைவெளி, பிறகு எங்கோ ஒரு மூலையிலிருந்து, நினைவுள்ள சில வயதானவர்களின் குரல் மட்டும் கேட்கும். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குரல்கள் கொஞ்சம் மாறின. தொழிற்சாலைக்காரருக்கு ஒரு பக்கம், கடைத்தெருக்காரருக்கு வேறு பக்கம் என்று எனக்குத் தோன்றியது.

பல பெயர்கள் போயின. பிறகு அறிவிப்பாளர் ஒரு முதற்பெயரைச் சொன்னார். அது எனக்குத் தெரிந்த பெயர். மாடித் தாழ்வாரத்தில் அன்ரி தினமும் கூப்பிடும் பெயர்.

அங்கிள் தட்டைப் பார்த்தார்.

தட்டிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. எந்த மூலையிலிருந்தும் குரல் வரவில்லை. இரயில்வேக்காரர் அந்த மைதானத்துக்குப் போவதில்லையோ, அல்லது போகக்கூடியவர் யாரும் இப்போது உயிரோடு இல்லையோ, எனக்குத் தெரியாது. அறிவிப்பாளர் அடுத்த பெயருக்குப் போகாமல் நின்றார்.

தலைவர் எழுந்தார். குனிந்து, தட்டுக்குள் வாயை வைப்பதுபோல, அங்கிளின் குடும்பப் பெயரைக் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டு, பிறகு அவர்களும் கத்தினார்கள். அறை முழுவதும் கத்தியது. எங்கள் சத்தம் அந்த மைதானத்துக்குக் கேட்க வழியில்லை. அது ஒரு வீட்டின் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கும் ரெலிபோனுக்குத்தான் போகும். அங்கே மருமகன் அதைக் கேட்டு, அவனும் ஒருமுறை கத்தினான். அவனுக்குப் பின்னால், குசினியிலிருந்து அவனுடைய தாயின் குரல் அதே பெயரைச் சொன்னது. ஊரிலிருந்து எங்களுக்குக் கேட்ட பதில் அவ்வளவுதான். அறிவிப்பாளர் அடுத்த பெயரைச் சொன்னார்.

"பேரை ஆர் குடுத்தது?" என்று அங்கிள் கேட்டார். தலைவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்" என்றார் அன்ரி. நாள்கணக்காக அவரோடு பேசாதிருந்தவர் பேசிய முதற்சொல் அது. "தலைவர் எழுதி அனுப்பினார். குடுத்தது நான்."

"என்னெண்டு குடுத்தனீ?"

"கோல்காப்பாளர் எண்டு. எந்தக் கழகம் எண்டு அவை கேக்கேல்லை."

அங்கிளின் முகத்தை நான் கவனமாகப் பார்த்தேன். கோபமா, வேறேதுமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "நாங்கள் சேரேல்லை" என்றார், நான்தான் அதை மறந்துவிட்டேன் என்பதுபோல.

"ஓம் அங்கிள். இணையப் பக்கத்தில அப்பிடித்தான் இருக்கு. அதை மாத்தட்டோ?"

அவர் யோசித்தார். கழகம் சொன்னது ஒன்று, பக்கம் சொல்வது இன்னொன்று. ஒன்றைத் திருத்தினால் மற்றது பொய்யாகிவிடும். எதைத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"வேண்டாம். ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

தட்டில் விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள். அன்ரி தேநீர் ஊற்றி முதற் கிளாசை அங்கிளுக்கு முன்னால் வைத்தார். அவர் அதை எடுக்காமல், இன்றைக்குக் கோலில் நிற்பது யார் என்று தலைவரைக் கேட்டார். தலைவர் ஒரு பெயர் சொன்னார்.

"அவனோ?" என்றார் அங்கிள். "அவன் கோலை விட்டு வெளியில வாறேல்லை."